ஓடினால் கணைக்கால் எலும்பு வலிக்கிறது: ஷூவை மாற்றினால் போதுமா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 22. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறார். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். இப்போதைக்கு 7 நிமிடம் 40 நொடி ஆகிறது. அதற்கு முன்னால் ஓடிய பழக்கமே இல்லாதவர், இரண்டு மாதமாகக் கீழ்பவானி வாய்க்கால் கரையில் விடியற்காலை 5 கிலோமீட்டர், வாரத்தில் ஆறு நாள் ஓடுகிறார். மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு கணைக்காலிலும் உள்பக்க எலும்பு ஓரத்தில் வலி. வலது காலில் அதிகம். 6,500 ரூபாய்க்கு மெத்தை மாதிரி ஷூ வாங்கியும் போகவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்களாம். மைதானத்துக்கு வரும் ஒருவர் நுனிக்காலில் ஓடச் சொல்கிறார், இன்னொருவர் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலில் ஓடச் சொல்கிறார். தேர்வுக்கு 10 வாரம்தான் இருக்கிறது. போதாததற்கு, வள்ளி கும்மி ஆட்டம் பழகும் தங்கைக்கும் அதே இடத்தில் வலியாம். என்ன செய்வது என்பது கேள்வி.

தம்பி, நான் ஈரோட்டில் 20 வருடத்துக்கு மேலாக பிசியோதெரபி பார்க்கிறேன். காவலர் தேர்வு அறிவிப்பு வந்து இரண்டு மாதம் ஆனால் போதும், இந்த வலியோடு பையன்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பிப்பார்கள். தைப்பூசம் முடிந்த வாரத்தில் பழனிக்கு நடந்து போய்விட்டு வந்தவர்கள் வருவார்கள். எல்லோரும் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க சார், செருப்ப மாத்துனா சரியாப் போயிருமுங்களா?" செருப்பைப் பற்றியும் சொல்கிறேன், ஓடும் விதத்தைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது "வாரத்தில் ஆறு நாள்" என்பதுதான்.

முதலில் இது எந்த வலி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்று பொதுவாகச் சொல்வது கணைக்காலில் வரும் பலவகை வலிகளுக்கு வைத்த கூட்டுப்பெயர். அதில் ஓடுகிறவர்களுக்கு அதிகமாக வருவதற்கு மருத்துவத்தில் மீடியல் டிபியல் ஸ்ட்ரெஸ் சின்ட்ரோம் என்று பெயர். நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கணுக்காலின் உள்பக்கக் குமிழிலிருந்து எலும்பு ஓரமாகவே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மேலே வாருங்கள். நாலு விரல் அகலத்துக்கோ அதற்கு மேலோ நீளமாக ஒரு கோடு போல வலித்தால், பெரும்பாலும் இதுதான். ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், சூடேறினால் கொஞ்சம் அடங்கும், முடித்த பிறகு மறுபடி தலைகாட்டும்.

அப்படியில்லாமல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே இடத்தில் மட்டும் அழுத்தினால் உயிர் போகிறது, படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, அந்த ஒற்றைக்காலில் ஒரு குதி குதிக்க முடியவில்லை என்றால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று ஆறுதல் அடைய வேண்டாம். நுண்விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, சில சமயம் கடைசி வரை தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும். அதிலும் எலும்பின் முன்விளிம்பில், அதாவது கட்டில் காலில் இடித்துக்கொண்டு துடிப்போமே அந்த இடத்தில், ஒரு புள்ளியில் வலித்தால் அலட்சியமே கூடாது. அங்கே வரும் விரிசல் லேசில் கூடாது.

இன்னொரு வகையும் உண்டு. ஓட ஆரம்பித்து பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி, பாதம் மரத்துப்போய், நின்றால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். அது தசை உறைக்குள் அழுத்தம் ஏறும் கோளாறு. அதற்கு வைத்தியம் வேறு.

பாதயாத்திரைக்காரர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் இது எதுவும் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, மடத்துக்குளம் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாதிப்பேர் காலில் ரப்பர் செருப்பு. அது கழன்று போகாமல் இருக்க, தெரியாமலே ஒவ்வொரு அடியிலும் விரல்களை மடக்கிப் பிடித்து, முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். இரண்டு மூன்று நாள் அப்படி நடந்தால் எலும்புக்கு வெளிப்பக்கமாக முன்னால் இருக்கும் தசை வீங்கி, தொட்டாலே வலிக்கும். வெள்ளியங்கிரி ஏறி இறங்கியவர்களுக்கும் இதே தசைதான் பிடித்துக்கொள்ளும், ஏறும்போது இல்லை, இறங்கும்போது. இது தசை வலி. ஓய்வு கொடுத்தால் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். உங்களுடையது எலும்பு சம்பந்தப்பட்டது. அதனால்தான் ஐந்து வாரமாகியும் போகவில்லை.

எலும்பில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இது பிடிபட்டால் மீதி யோசனையெல்லாம் உங்களுக்கே வந்துவிடும். எலும்பு கான்கிரீட் தூண் மாதிரி அப்படியே நிற்கிற பொருள் என்று நினைக்கிறோம். அது உயிருள்ள திசு. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு விசை தரையிலிருந்து காலில் ஏறுகிறது. அந்த விசையில் கணைக்கால் எலும்பு துளியளவு வளைந்து நிமிர்கிறது. புதிதாக இந்த வளைவு வரும்போது உடம்பு எலும்பைப் பலப்படுத்தக் கிளம்புகிறது. ஆனால் நேரடியாகப் புது எலும்பு போடாது. பழையதைக் கொஞ்சம் அரித்தெடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் புதிதாகக் கட்டும். அரிக்கிற வேலை சுமார் மூன்று வாரத்தில் முடிகிறது. கட்டுகிற வேலைக்கு மூன்று மாதம் ஆகிறது. அதாவது ஓட ஆரம்பித்த மூன்றாவது, நான்காவது வாரத்தில் உங்கள் எலும்பு ஆரம்பித்த நாளில் இருந்ததைவிடக் கொஞ்சம் பலவீனமாக இருக்கும். வலி எந்த வாரத்தில் வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மூன்றாவது வாரம். இந்த வலி உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் மட்டும் எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதும், குணமான பிறகு அது திரும்புவதும் ஸ்கேனில் பார்க்கப்பட்ட விஷயம்.

எலும்பை மூடியிருக்கும் சவ்வைக் கெண்டைத்தசைகள் பிடித்து இழுப்பதால்தான் வலி என்று நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த இழுப்புக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் இப்போது பெரும்பாலானவர்கள் எலும்பின் மேல் ஏறும் சுமையைத்தான் முதல் காரணமாகச் சொல்கிறார்கள்.

நீங்கள் ஓடுகிற கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்பவானி வாய்க்காலின் முழு அளவு நொடிக்கு 2,300 கனஅடி. பவானிசாகரில் மதகைத் திறந்த அன்றைக்கே அவ்வளவையும் விடுகிறார்களா? மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த கரை ஊறிப் பிடிக்க வேண்டும் என்று படிப்படியாக ஏற்றுகிறார்கள். நீங்கள் முதல் நாளே முழு மதகையும் திறந்துவிட்டீர்கள். கணக்குப் போட்டால், 5 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5,000 அடி, ஒரு காலுக்கு 2,500. ஆறு நாளில் ஒரு எலும்பு 15,000 தடவை வளைந்து நிமிர்கிறது. அதுவரை பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பதைத் தவிர வேறு எதையும் பார்க்காத எலும்பு.

இப்போது ஷூ.

6,500 ரூபாய் ஷூ உங்களை ஏமாற்றவில்லை, ஆனால் அது செய்யாத வேலையை அதனிடம் எதிர்பார்த்துவிட்டீர்கள். மெத்தை தடியாக இருந்தால் எலும்புக்கு வரும் அடி அதே அளவுக்குக் குறைந்துவிடும் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. அடியில் மெத்தை இருக்கிறது என்று தெரிந்தால் உடம்பு காலைக் கொஞ்சம் விறைப்பாக இறக்குகிறது. வெல்வெட் மெத்தையில் தொப்பென்று விழுவோம், கோரைப்பாயில் பார்த்துத்தான் உட்காருவோம், அது மாதிரி. ஆக மெத்தை கொடுத்ததில் ஒரு பகுதியை விறைப்பு தின்றுவிடுகிறது.

உள்ளங்கால் வளைவைப் பார்த்து, தட்டைக்காலுக்கு ஒரு ஷூ, குழிந்த காலுக்கு ஒரு ஷூ என்று கடையில் காட்டுவார்கள். அமெரிக்க ராணுவத்திலும் விமானப்படையிலும் கடற்படைக் காலாட்படையிலும் புதிதாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கால் வளைவுக்கேற்ற ஷூவும் மறு பாதிக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி ஷூவும் கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். காயங்களின் எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. ஈரக்காலை சிவப்பு சிமெண்ட் தரையில் பதித்துப் பார்த்து, தட்டையாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். நிற்கும்போது பாதத்தின் உள்வளைவு நன்றாகத் தரையில் அமுங்குகிறவர்களுக்கு இந்த வலி வர வாய்ப்பு கூடுதல் என்பது உண்மைதான். அவர்களில் சிலருக்கு உள்ளே வைக்கும் சாதாரண ஆர்ச் சப்போர்ட் கொஞ்சம் நிம்மதி தருகிறது. போட்டுப் பார்த்து, இரண்டு வாரத்தில் வலி குறைந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்து அளவெடுத்துச் செய்யும் அளவுக்கு உங்களுக்கு இப்போது அவசியம் இல்லை.

பிறகு எந்த ஷூதான் நல்லது? ஓடுவதற்கென்று செய்த ஷூவாக இருக்க வேண்டும். கிரிக்கெட் ஷூ, அடியில் குமிழ் வைத்த ஃபுட்பால் ஷூ, பள்ளிக்கூடத்து வெள்ளை கேன்வாஸ், இதையெல்லாம் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாயங்காலம் கடைக்குப் போங்கள், நாளெல்லாம் நடந்து பாதம் கொஞ்சம் விரிந்திருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். போட்டுக்கொண்டு கடை வாசலில் நாலு எட்டு ஓடிப் பாருங்கள். எங்கேயும் உறுத்தாமல், 'இன்னும் பழகவில்லை' என்று சாக்குச் சொல்லத் தேவையில்லாமல் இருந்தால் அதுதான் உங்கள் ஷூ. 2,500 ரூபாயில் அப்படி ஒன்று கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிமெத்தை செத்துவிடும், மேலே பளபளவென்று இருந்தாலும். உங்கள் கணக்குக்கு வாரம் 30 கிலோமீட்டர் என்றால் நாலைந்து மாதம். அண்ணன் போட்டுத் தேய்த்த ஷூவை வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதன் குதிகால் அவர் தேய்த்த பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

இப்போது வைத்திருக்கும் ஷூவைத் தூக்கி எறியாதீர்கள். வலி ஷூவுக்கு முன்னாலேயே வந்துவிட்டது, பாவம் அதன்மேல் பழி போட ஒன்றுமில்லை.

வெறுங்கால் யோசனைக்கு வருகிறேன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கினார். இதை எல்லோரும் சொல்வார்கள். நாலு வருடம் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி, மறுபடியும் தங்கம் வாங்கியதை யாரும் சொல்வதில்லை. 2010-இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள், சிறு வயதிலிருந்தே வெறுங்காலில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அதனால் தரையைத் தொட்டதும் வரும் அந்தத் திடீர் அடி அவர்களுக்கு இல்லை என்று காட்டினார்கள். அது உண்மையான கண்டுபிடிப்புதான். அதைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்க மெல்லிய அடி வைத்த ஷூக்கள் வந்தன. விரலுக்கு விரல் உறை வைத்த ஷூ விற்ற ஒரு நிறுவனம், காலுக்கு நல்லது என்று போதிய ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்ததாகப் போட்ட வழக்கில் 2014-இல் 37.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் ஆனது.

நானும் அந்த அலையில் விழுந்தவன். கோவை மாரத்தான் 2013-இல் ஆரம்பித்த சமயம். படித்தவன்தானே என்ற தைரியத்தில், அட்டை மாதிரி அடி வைத்த ஒரு ஷூவை வாங்கிக்கொண்டு, நுனிக்கால் ஓட்டத்துக்கு ஒரே வாரத்தில் மாறினேன். ஓடும்போது அருமையாக இருந்தது, மான் மாதிரி. மூன்றாவது வாரம் காலையில் படுக்கையிலிருந்து இறங்கினால் குதிகால் நரம்பு, அதாவது கெண்டையைக் குதிகாலோடு சேர்க்கும் நாண், இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துத்தான் குளியலறைக்குப் போனேன். முன்பு இருந்த முழங்கால் வலி போய்விட்டதே என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "அது கீழே எறங்கீருச்சுங்க" என்றாள். நான் இத்தனை வருடமாக நோயாளிகளிடம் சொல்வதை அவள் மூன்று சொல்லில் முடித்துவிட்டாள். ஷூவும் ஓடும் விதமும் சுமையை இடம் மாற்றும். குதிகாலில் இறங்கினால் முழங்காலுக்கும் கணைக்காலின் முன்பக்கத்துக்கும் வேலை அதிகம். நுனிக்காலில் இறங்கினால் கெண்டைக்கால், குதிகால் நரம்பு, பாதத்தின் சின்ன எலும்புகள் சுமக்கும். உங்களுக்கு வலிக்கிற இடத்தையொட்டித்தான் கெண்டையின் அடித்தசை எலும்பைப் பிடித்திருக்கிறது. அதனால் நுனிக்காலுக்கு மாறுவது, ஏற்கெனவே நொந்துபோன இடத்துக்கே இன்னும் வேலை கொடுப்பது. நானாக இருந்தால் இந்த 10 வாரத்தில் அதைத் தொடமாட்டேன்.

நம் பக்கம் தோட்டங்காடுகளில் வெறுங்காலோடு திரிந்து வளர்ந்தவர்கள் நிறையப் பேர், எங்களுக்கு ஷூ எதற்கு என்பார்கள். மாட்டுக்குப் பின்னால் உழவுகாலில் நடப்பது வேறு, கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 நொடி வேகத்தில் தார் ரோட்டில் ஓடுவது வேறு. சின்ன வயதிலிருந்து வெறுங்காலிலேயே ஓடி வளர்ந்து, ஒரு தொந்தரவும் இல்லாதவரை நான் மாற்றச் சொல்வதில்லை. நீங்கள் அப்படியில்லை. ஆசைக்கு வேண்டுமானால் பள்ளி மைதானத்தில் புல் இருக்கும் பக்கமாக, நெருஞ்சி இல்லாத இடமாகப் பார்த்து, பத்து நிமிடம் வெறுங்காலில் நடங்கள்.

ஆனால் ஓடும் விதத்தில் இரண்டு விஷயம் மாற்றலாம், இரண்டுமே உங்கள் எலும்புக்கு நேரடியாக உதவும். ஒன்று, எட்டு வைக்கும் நீளம். வேகமாக ஓட வேண்டும் என்று நினைத்ததும் எல்லோரும் காலை முன்னால் எட்டி வீசுவார்கள். பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழும்போது ஒவ்வொரு அடியும் பிரேக் போடுகிற மாதிரி. வேகமும் குறைகிறது, அடியும் ஏறுகிறது. பாதம் முழங்காலுக்கு நேர் கீழே இறங்க வேண்டும். அதை யோசித்துக்கொண்டே ஓடினால் நடை கோணலாகிவிடும். அதற்குப் பதில் எண்ணிக்கையைப் பிடியுங்கள். வழக்கமான வேகத்தில் ஓடும்போது வலது கால் 30 நொடியில் எத்தனை தடவை இறங்குகிறது என்று எண்ணி, நாலால் பெருக்குங்கள். 38 என்றால் நிமிடத்துக்கு 152. அதை 5 சதவீதம் மட்டும் கூட்டுங்கள், 160 போதும். எல்லோரும் 180-க்கு வர வேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மொபைலில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப் ஒன்றைப் போட்டு, அந்த 'டக் டக்'குக்குக் காலைச் சேர்த்துக்கொண்டு ஓடினால் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். எட்டு தானாகச் சின்னதாகும், காலடிச் சத்தம் குறையும். தொம் தொம் என்று கேட்டால் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது. வாய்க்கால் கரையில் எங்கே ஓடுகிறீர்கள்? பைக் போய்ப் போய் விழுந்த ஒற்றைத் தடத்தில்தானே? அந்தத் தடம் ஒரு முழம்கூட இருக்காது. அதற்குள் ஓடும்போது இரண்டு காலும் ஒரே கோட்டில், கயிற்றின்மேல் நடக்கிற மாதிரி இறங்கும். அப்படிக் குறுகலாக அடி வைத்தால் கணைக்கால் எலும்பின் வளைவு கூடுகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டு ஓடிப் பாருங்கள். அதற்கு இடம் கொடுக்கிற மண் ரோடோ பள்ளி மைதானமோ தேடிக்கொள்ளுங்கள். வலது காலில் மட்டும் வலி அதிகமாக இருப்பதற்குக் கரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதும் காரணமாக இருக்கலாம். போகும்போது கரையின் எந்த ஓரத்தில் ஓடினீர்களோ வரும்போதும் அதே ஓரத்தில் வாருங்கள், அப்போது சரிவு மறு காலுக்கு மாறும். மைதானம் என்றால் எப்போதும் இடது பக்கமாகவே சுற்றாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் எதிர்த்திசையில்.

தார் கெடுதல், மண் நல்லது என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திடீரென்று மாறுவதுதான் தொந்தரவு. தேர்வு நடக்கும் தரை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் கடைசி வாரங்களில் அதற்கும் கொஞ்சம் பழக்கிக்கொள்ளுங்கள்.

சரி, 10 வாரத்தில் முடியுமா? நெதர்லாந்தில் 2012-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் இந்த வலி உள்ள ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு படிப்படியாக ஓட்டத்தை மட்டும் ஏற்றியது, இன்னொன்று கூடவே உடற்பயிற்சி செய்தது, மூன்றாவது குழு அதே ஓட்டத்தோடு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போட்டது. மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே காலம்தான் ஆனது, மூன்று மாதத்துக்கு மேல். அவர்களுக்கு வைத்த இலக்கு 18 நிமிடம் தொடர்ந்து ஓடுவது. உங்களுக்கு 7 நிமிடம் போதும். அதனால் நம்பிக்கை இருக்கிறது, இன்றைக்கே ஆரம்பித்தால்.

முதல் இரண்டு வாரம் ஓட்டமே வேண்டாம். இதைச் சொன்னதும் முகம் வாடிவிடும், தெரியும். மூச்சுத்திறன் போய்விடும் என்றுதானே பயம்? சைக்கிளை எடுங்கள். ஒரு நிமிடம் உயிரைக் கொடுத்து மிதிப்பது, ஒரு நிமிடம் மெதுவாக, இப்படிப் பத்துப் பதினைந்து தடவை, வாரத்தில் நாலு நாள். நீச்சல் தெரிந்து, தண்ணீரும் படியும் இருக்கிற கிணறு தோட்டத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கூட ஒரு ஆள் இருக்கட்டும். வாய்க்காலில் இறங்காதீர்கள், அந்த இழுப்பு வருடா வருடம் ஆளைக் கொண்டுபோகிறது. தினமும் அரைமணி நேரம் நடக்கலாம், வலிக்காத வரை.

கூடவே கெண்டைக்காலைப் பலப்படுத்துங்கள். வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றுவது. முழங்காலை நீட்டி ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை. மடக்கிச் செய்வதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் ஓடும்போது உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கு மேல் தாங்குகிற அந்த அடித்தசைக்கு அதுதான் பயிற்சி. இரண்டு காலில் பத்துப் பத்தாக மூன்று தடவையில் ஆரம்பித்து, ஒற்றைக்காலில் பதினைந்து வரை வாருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மேலே சொன்ன ஆய்வில் உடற்பயிற்சிக்குத் தனியாக லாபம் தெரியவில்லையே என்று கேட்கலாம். நியாயம்தான். வலி சீக்கிரம் போவதற்காக இதைச் சொல்லவில்லை, அதன்பின் ஓடும்போது கெண்டை சீக்கிரம் சோர்ந்தால் சுமை எலும்புக்குப் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது வாரம், நடக்கும்போது வலியில்லை, ஒற்றைக்காலில் பத்து குதி குதித்தாலும் வலியில்லை என்றால் ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒரு நிமிடம் நடை, எட்டுத் தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த வாரம் இரண்டு நிமிட ஓட்டம், அதற்கடுத்து மூன்று. ஆறாவது வாரத்தில் நிற்காமல் 10, 12 நிமிடம். ஓடும்போது பத்துக்கு இரண்டு அளவில் லேசாக வலித்தால் பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலையில் அது இருக்கக் கூடாது. இருந்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். ஏழாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வேகம்: 400 மீட்டரை 1 நிமிடம் 52 நொடியில், மூன்று நிமிட இடைவெளி விட்டு, மூன்று தடவை. 7 நிமிடத்தில் 1500 என்பது இந்த வேகம்தான். இதுவரை நீங்கள் இந்த வேகத்தில் ஓடிப் பழகவே இல்லை என்று நினைக்கிறேன், தினமும் 5 கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓடியிருக்கிறீர்கள். 1500 மீட்டருக்கு அது தேவையே இல்லை. கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். தேர்வன்று புது ஷூ வேண்டாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எலும்பு கத்துவதைக் கேட்காமல் காதைப் பொத்திக்கொள்வது. ஐஸ் வைத்தால் அந்த நேரத்துக்கு சுகம், வைத்துக்கொள்ளுங்கள். கலர் கலராக ஒட்டும் டேப்பிலும், கெண்டைக்கு மாட்டும் இறுக்க உறையிலும் காசைப் போடாதீர்கள். சாப்பாட்டில் எலும்புக்குக் கால்சியம் வேண்டும் என்றால் நம் வீட்டில் இருக்கும் ராகியே 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கிறது. பையன்கள் அதை விட்டுவிட்டு புரோட்டீன் டப்பா விலை கேட்கிறார்கள்.

தங்கை விஷயம் உங்களுடையதைவிட முக்கியம். இந்த வலி ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. வள்ளி கும்மி மறுபடி ஊருக்கு ஊர் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான், என் வீட்டிலேயே ஆடுகிறார்கள். ஆனால் அரங்கேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது தினமும் மூன்று மணி நேரம், கல்யாண மண்டப வாசல் சிமெண்ட் தரையில், வெறுங்காலில் குதித்துக் குதித்துப் பழகுகிறார்கள். உங்கள் ஓட்டம் மாதிரியேதான், திடீர்ச் சுமை. வாத்தியாரிடம் சொல்லி, பழகும் நாட்களில் மண் தரைக்கு மாற்றச் சொல்லுங்கள். அடவு மனப்பாடம் ஆகும் வரை குதிக்காமல் நடந்தே பழகலாம், குதிப்பதைக் கடைசி அரைமணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே ஷூ போடச் சொல்லி நான் கேட்கமாட்டேன், கேட்டாலும் நடக்காது. பழகும்போதாவது போட்டுக்கொண்டால் நல்லது.

அதைவிட, தங்கைக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, உடம்பு இளைத்து, மூன்று மாதமாக வரவில்லை என்றால் அவளுடைய எலும்பு உங்களுடையதைவிடச் சீக்கிரம் விரிசல் விடும். அப்படியென்றால் முதலில் பெண்கள் நல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், எங்களிடம் வருவது அப்புறம்.

கடைசியாக, பாட்டி எண்ணெய் காய்ச்சி நீவி விடுகிறேன் என்கிறார், விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கெண்டைச் சதையில் எவ்வளவு வேண்டுமானாலும் நீவட்டும். எலும்பு ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி உருவ மட்டும் விடாதீர்கள்.